நூற்று முப்பத்தொன்பதாவது மைல்

யெல்பாரா ஸ்டேஷனின் டெலிபோனைக் கழற்றியவன் நான்தான். நாலு திருகாணி, இரண்டு வயர், ஒரு மரப்பெட்டி. கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்துக்காக மூன்று நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு வண்டிதான் அப்போது. செவ்வாய்க்கிழமை துறைமுகத்திலிருந்து புறப்பட்டு லைனின் கோடி வரை போகும், வியாழக்கிழமை திரும்பும். செவ்வாய் வண்டியில் போய் இறங்கு, வியாழன் திரும்பும் கடைசி வண்டி பத்திரமாகத் தாண்டியதும் டெலிபோனைக் கழற்று, மறுநாள் வரும் லாரியில் ஏறி வா என்று என் மேலதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார்.

ஸ்டேஷன் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை ஒன்று, மண்ணைக் கெட்டித்து முன்பக்கம் கட்டை அடித்த நடைமேடை, ஒரு பெயர்ப்பலகை. கொஞ்சம் தள்ளி, இரும்புக் கால்களின் மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி. கோதுமை மூட்டை அடுக்கிய நீளக் கொட்டகையின் கூரையில், காற்று கொண்டுபோனது போக மீதிப் பாதி. தண்டவாளத்துக்கு இருபது அடி தள்ளி ரயில்வே வீடு. அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் பார்த்தாலும் குட்டை யூக்கலிப்டஸ் புதரும் சிவப்பு மண்ணும்தான்.

அங்கே ஊர் இருந்ததால் ஸ்டேஷன் வரவில்லை. எஞ்சினுக்குத் தாகம் எடுத்ததால் வந்தது. நிலக்கரி எஞ்சின் முப்பது மைலுக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றில் லைன் போட்டவர்கள், துறைமுகத்திலிருந்து நூற்று நாற்பத்திரண்டாவது மைலில் பாறைச் சரிவு ஒன்றைக் கண்டார்கள். மழை பெய்தால் அந்தப் பாறையில் வழியும் தண்ணீரைச் சின்னச் சுவர் எழுப்பித் திருப்பி, குழாயில் இறக்கி, தொட்டியில் சேர்த்தார்கள். தொட்டி வந்ததும் ஸ்டேஷன் வந்தது. ஸ்டேஷன் வந்ததும் புதரை வெட்டிக் கோதுமை போட ஆட்கள் வந்தார்கள். பதினான்கு குடும்பம், ஒரு பள்ளிக்கூடம், மூட்டைக் கொட்டகையில் சனிக்கிழமை நடனம். பிறகு மழை பொய்த்த வருஷங்கள். உழுத மண் எழுந்து பறந்து வேலிகளை மூடியது. ஒவ்வொரு குடும்பமாக, வந்த ஸ்டேஷன் வழியாகவே போனது. மிச்சமிருந்த இரண்டு பண்ணைகளின் கோதுமையையும் தார் ரோடு போட்ட பிறகு லாரி எடுத்துக்கொண்டது. அறுபத்தொன்றாம் வருஷம் நான் போய் இறங்கியபோது யெல்பாராவின் மொத்த ஜனத்தொகை இரண்டு. கேங்கர் கிளாரி ட்ரெம்பத், அவர் மனைவி ஆல்மா.

கேங்கர் என்றால் தண்டவாளத்துக்குப் பொறுப்பாளி. தன் தடத்தைத் தினம் நடந்து, ஆணி எழும்பியிருக்கிறதா, இணைப்பு தளர்ந்திருக்கிறதா, ஜல்லி சரிந்திருக்கிறதா என்று பார்ப்பவர். முன்பு அவருக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள். லைனை மூடப் போகிறோம் என்று முடிவானதும் மூவரையும் எடுத்துவிட்டு அவரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆல்மா ஸ்டேஷன் பொறுப்பாளி. டெலிபோனும் பெயர்ப்பலகையும் தொட்டியும் அவள் கணக்கில்.

செவ்வாய் மாலை நான் பெட்டியோடு இறங்கினபோது கிளாரி நடைமேடையில் நின்றிருந்தார். அறுபத்தொரு வயது. நெட்டை. தொப்பியின் நிழலுக்குக் கீழே மட்டும் சுட்ட செங்கல் நிறம்.

"வயர்க்காரரா?" என்றார்.

"ஆமா."

"போன வருஷம் வந்தவன் உங்களைவிடக் குள்ளம். ஏணியைக் கம்பத்துல சாத்திட்டு அது மேல நாற்காலி போட்டான்."

"யோவ், அவர் உள்ள வரட்டும்," என்றாள் ஆல்மா கதவுக்குள்ளிருந்து. "வாங்க தம்பி. முயல் வெந்துக்கிட்டிருக்கு. முயல் சாப்பிடுவீங்கல்ல? சாப்பிடலேன்னாலும் அதுதான் இருக்கு."

யூக்கலிப்டஸ் வேர்க்கட்டை போட்ட அடுப்பு. அந்தக் கட்டை சீக்கிரம் பிடிக்காது, பிடித்தால் விடியும்வரை கனலும். முயல், உருளைக்கிழங்கு, வெங்காயம். பிறகு ரொட்டியில் பாகு. சுவரோரம் பாதி கட்டிய பெட்டிகள். வெள்ளிக்கிழமை அவர்கள் துன்கராவுக்குக் குடிபோகிறார்கள். மெயின் லைனில் இருக்கிற ஊர். அங்கே கிளாரிக்குக் கேங்கர் வேலையும் தண்டவாளத்தை ஒட்டி வீடும் ஒதுக்கியிருந்தார்கள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

சாப்பிடும்போது கிளாரி யெல்பாராவின் கதையைச் சொன்னார். எந்தக் குடும்பம் எந்த வருஷம் வந்தது, யார் வீட்டுக் குதிரை தொட்டிக்குள் விழுந்தது, பள்ளிக்கூட டீச்சரை எந்த டிரைவர் கட்டிக்கொண்டு போனான், எல்லாம் தேதியோடு. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டாம் வருஷம் வரை வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"கிளாரி, இவர்தான் வயர்க்காரர்," என்றாள் ஆல்மா, தட்டை எடுத்துக்கொண்டே.

"ஆமா, வயர்க்காரர். போன வருஷம் வந்தவன் குள்ளம்," என்றார் கிளாரி.

பயணக் களைப்பில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை காலை விடிந்தும் விடியாமலும் கிளாரி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் டீ தயாராக இருந்தது. ஒரு கோப்பை நீட்டினேன்.

"முதல்ல லைன். அப்புறம்தான் டீ," என்று கோப்பையைப் பார்க்காமலே சொன்னார். ஆணியிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டார். பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, முறுக்குச் சாவி, மூன்று தண்டவாள வெடி. தோளில் நீளக் காம்புச் சுத்தியல். துறைமுகப் பக்கமாக நடந்தார்.

அவர் நூறு கஜம் போயிருப்பார். ஆல்மா கோழித் தீவனத்தைக் கீழே வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவருடைய பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். விறகுக் குவியலுக்குள் கையை விட்டு இன்னொரு சுத்தியலை உருவினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். தண்டவாளத்தில் ஏறி அவர் பின்னால் நடந்தாள்.

எனக்கு எந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. அது என் குணம். தொட்டியின் ஏணியில் ஏறிப் பார்த்தேன். முன்னால் அவர். சுத்தியலை ஓங்கி, இணைப்புத் தகட்டின் திருகாணியில் ஒரு தட்டு, ஒரு அடி வைப்பு, மறுபடி தட்டு. நன்றாக இறுகிய திருகாணி மணி மாதிரிச் சொல்லும். தளர்ந்தது தொண்டை கட்டினவன் மாதிரிச் சொல்லும். கேங்கர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்ப்பான். கிளாரியின் கை தட்டியது. ஆனால் பதில் வருவதற்குள் அவர் அடுத்த அடி வைத்துவிடுவார். தட்ட வேண்டும் என்பது நினைவிருந்தது, எதற்காகத் தட்டுகிறோம் என்பது போய்விட்டது. நூறு கஜம் பின்னால் ஆல்மா அதே திருகாணியை மறுபடி தட்டினாள். தட்டிவிட்டு நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஓர் இடத்தில் குனிந்து கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து முறுக்கினாள்.

மூன்று மைல் போக, மூன்று மைல் வர. திரும்பும்போது அவர் கண்ணில் படாமல் வளைவில் புதருக்குள் குறுக்கே வந்து முந்திக்கொள்வாள் போல. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். கோட்டின் ஓரத்தில் முள் ஒட்டியிருந்தது.

"எல்லாம் சரியா?" என்றாள்.

"எல்லாம் சரி," என்றார். உட்கார்ந்து டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

ஒன்பது மணிக்கு ஆல்மா கொட்டகைக்குப் போய் டெலிபோனை எடுத்தாள். அந்த லைனில் ஒரே வயரில் ஏழு டெலிபோன். துறைமுகத்தில் கன்ட்ரோல் அறையில் ஒருவர் உட்கார்ந்து எல்லா வண்டியையும் ஓட்டுவார். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் கேட்டவர் அதை எழுதி, ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். எல்லாம் பொருந்தினால் கன்ட்ரோல் நேரத்தைச் சொல்லி 'முடிந்தது' என்பார். அந்தச் சொல் வரும்வரை சக்கரம் உருளக் கூடாது. நாம் சொன்னாலும் கன்ட்ரோல் அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். சிக்னல் கம்பம் ஒன்றுகூட இல்லாத லைனில் இரண்டு வண்டி முட்டாமல் இருந்தது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

"யெல்பாரா. ஒன்று மூன்று ஒன்பது வரை லைன் கிளியர். கேங்கர் ட்ரெம்பத்," என்றாள்.

"யெல்பாரா. ஒன்று மூன்று ஒன்பது வரை லைன் கிளியர். கேங்கர் ட்ரெம்பத். ஒன்பது மூன்று. முடிந்தது. மழை உண்டா மிஸஸ் ட்ரெம்பத்?"

"மழைன்னா என்னங்க கன்ட்ரோல்?"

மறுமுனையில் சிரிப்பு. டூலன் என்பது அந்தக் கன்ட்ரோல் அதிகாரியின் பெயர். இருபத்திரண்டு வருஷமாகத் தினம் பேசுகிறார்களாம். ஒருவரையொருவர் பார்த்தது இல்லை.

ரிசீவரை மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "தொட்டி மேல ஏறிப் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"எழுதிப் போடுவீங்களா?"

"நான் வயர்க்காரன். தண்டவாளம் என் வேலை இல்ல."

அவள் தீவன மூட்டை மேல் உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் நாலு மாசம். முதல்ல ஆளுங்க பேரை மறந்தார். அப்புறம் வீட்டுக்குள்ள வழி மறந்தார். சமையல்கட்டுல நின்னுக்கிட்டு சமையல்கட்டு எங்கேன்னு கேக்கிறார் தம்பி. ஆனா தண்டவாளத்துல ஏத்தி விட்டுட்டா தொலைய மாட்டார். இப்படிப் போனா அப்படி வரணும். ரெண்டே திசை. வேற எந்த இடமும் அவருக்கு அவ்வளவு சுலபமா இல்ல."

"உங்களுக்கு யாரு கத்துக் கொடுத்தாங்க?"

"முப்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே மாவு பிசைஞ்சிருக்கேன். எது சரியான சத்தம்னு தெரியாதா?"

"துன்கராவுல?"

"அங்கயும் பின்னாலயே நடப்பேன்."

"துன்கராவுல நாளைக்கு ஆறு பாசஞ்சர் வண்டி ஓடுது, மிஸஸ் ட்ரெம்பத். கேங்ல நாலு பேர் இருப்பாங்க. ஒரே நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க."

"தெரியும்." கோட்டில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். "கண்டுபிடிச்சா என்ன பண்ணுவாங்க? தலைநகரத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அங்க போடுவாங்க. நான் ஒரு தடவை பார்த்திருக்கேன். அங்கே எல்லாக் கதவும் ஒரே மாதிரி."

பிறகு அவளாகவே டீ விஷயத்தைச் சொன்னாள். முப்பத்தெட்டாம் வருஷம், கோடையில், இங்கே ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை ஒரே ராத்திரியில் கொட்டியது. விடிந்ததும் கிளாரி கிளம்பினார். குளிராக இருக்கிறது, ஒரு வாய் குடித்துவிட்டுப் போ என்று டீயை நீட்டியவள் ஆல்மா. அவர் உட்கார்ந்து குடித்தார். பத்து நிமிஷம். அவர் வளைவைத் தாண்டும்போது, நூற்று முப்பத்தொன்பதாவது மைலில் சின்னப் பாலத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்திருக்க, எஞ்சின் அதில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் குதித்துவிட்டான். எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஹியூ பாஸ்கோ குதிக்கவில்லை.

"விசாரணையில யாரும் அவரைக் குத்தம் சொல்லல. விதிப்படி அவர் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடியே கிளம்பிட்டார். ஆனா அன்னையிலருந்து லைன் பார்க்காம டீ குடிச்சதில்ல. நீட்டின கை என்னோடது. அதைப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

வியாழக்கிழமை காலையும் அப்படியே போனது. அவர் முன்னால், அவள் பின்னால். ஒன்பது மணி, லைன் கிளியர். நான் என் சோதனை டெலிபோனை வயரில் கொக்கி போட்டு மாட்டி, கழற்றும் வேலைக்கு ஆயத்தம் செய்தேன். கிளாரி வாசலில் எடுத்து வைத்த பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்தார்.

கடைசி வண்டி ஒன்றே முக்காலுக்கு வந்தது. வழியில் கிடந்த காலி வேகன்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்ததால் நீளமாக இருந்தது. லோமன் டிரைவர். எஞ்சின் தொட்டியடியில் கடைசித் தண்ணீரைக் குடிக்கும்போது லோமன் இறங்கி வந்து ஆல்மாவின் கையைக் குலுக்கினார்.

"கிளாரி எங்க?"

"பெட்டிக்குக் காவல். போற வழியில விசில் அடிங்க, கையாட்டுவார்."

டூலன் உத்தரவைச் சொல்ல, ஆல்மா எழுதி, திருப்பிச் சொல்லி, தாளை லோமனிடம் கொடுத்தாள். வண்டி நகர்ந்தது. வீட்டுப் பக்கம் விசில் அடித்தது. யாரும் கையாட்டவில்லை. ஆல்மா வீட்டைப் பார்த்தாள். நாற்காலி காலி. அவள் வேகமாகப் போய்க் கதவுக்குள் எட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன். ஆணியில் பை இல்லை.

காற்று துறைமுகப் பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காற்றில் வந்தது. டப். டப். டப்.

தண்டவாள வெடி என்பது உள்ளங்கை அகலத் தகர டப்பி. இரண்டு பக்கமும் ஈயப் பட்டை இருக்கும். அதைத் தண்டவாளத்தில் மடித்துக் கட்டுவார்கள். சக்கரம் நசுக்கினால் வெடிக்கும். பத்து கஜ இடைவெளியில் மூன்று வெடித்தால் டிரைவர் வண்டியை நிறுத்துவான். ஏன் என்று கேட்பது நிறுத்தின பிறகுதான். வெடி வைத்தவன் கொடியோடு வந்து, தன் வாயால் 'போகலாம்' என்று சொல்லும்வரை சக்கரம் உருளாது.

ஆல்மா கொட்டகைக்கு ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள். நான் என் சோதனை டெலிபோனைக் காதில் வைத்தேன். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு கைப்பெட்டி டெலிபோன் உண்டு. நீளக் கழியின் நுனிக் கொக்கியால் வழியோர வயரில் மாட்டிப் பேசலாம். ஐந்து நிமிஷத்தில் லோமனின் குரல் வந்தது.

"கன்ட்ரோல், லோமன் பேசறேன். ஒன்று மூன்று ஒன்பதுக்கு முன்னால மூணு வெடி. நின்னுட்டேன். கேங்கர் ட்ரெம்பத் சிவப்புக் கொடியோட எதிர்ல நிக்கிறார். பாலம் போயிடுச்சுங்கிறார்."

"போயிடுச்சா?"

"பாலம் என் கண்ணு முன்னால இருக்குங்க. அதுக்கடியில ஒரு ஓணான் தூங்குது."

"அப்போ அவரைக் கிளியர் சொல்லச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேங்கிறார். என் ஃபயர்மேனை இறங்கு இறங்குன்னு கத்தறார். ஹியூ ஹியூன்னு கூப்பிடறார். என் ஆளு பேரு ஹியூ இல்ல."

அதற்குப் பின்னால், காற்றோடு, கிளாரியின் குரல் கேட்டது. "ஹியூ, இறங்குடா! சொல்றேன்ல, இறங்கு!" அது கத்தல் இல்லை. கெஞ்சல்.

லைனில் மெல்ல மெல்லக் கிளிக், கிளிக் என்று சத்தம். மற்ற ஸ்டேஷன்களிலும் ஒவ்வொருவராக ரிசீவரை எடுக்கிறார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் குரல் கொஞ்சம் மங்கும். ஒரே மின்சாரத்தை ஏழு பேர் பங்கு போட்டால் அப்படித்தான்.

"மிஸஸ் ட்ரெம்பத், இருக்கீங்களா?" என்றார் டூலன்.

"இருக்கேன்."

"வெயில் அவருக்குத் தலைக்கு ஏறியிருக்கும். இந்த வயசுல நடக்கிறதுதான். வெயில் மயக்கம்னு எழுதிக்கிறேன். அடுத்த தடத்துக் கேங்கரை ட்ராலியில வரச் சொல்றேன். அவர் வந்து பார்த்துக் கிளியர் சொல்லட்டும். நாலு மணி நேரம் ஆகும். லோமன், தண்ணி தாங்குமா?"

"இழுத்துப் பிடிச்சா தாங்கும். ஆனா கேங்கர் தாங்கமாட்டார் கன்ட்ரோல். தண்டவாளத்து நடுவுல நிக்கிறார். நிழலுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறார். ஹியூ இறங்கினாத்தான் வருவாராம்."

ஆல்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் மயக்கம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும், துன்கரா வீடு அப்படியே இருக்கும். அவர் நாலு மணி நேரம் அந்த வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"கன்ட்ரோல்," என்றாள். "நிறுத்தினவரால சொல்ல முடியலேன்னா, வேற யாரு சொல்லலாம்? விதி என்ன?"

"அன்னைக்கு அந்தத் தடத்தை நடந்து பார்த்தவர் சொல்லலாம். அவரும் கிளாரிதானே?"

"இல்ல."

டூலன் காத்திருந்தார்.

"நான் நடந்தேன். இன்னைக்குக் காலையில ஒன்று மூன்று ஒன்பது வரைக்கும். ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்தேன். பாலத்துக்கடியில இறங்கிப் பார்த்தேன். ஓணானையும் பார்த்தேன். நேத்தும் நடந்தேன். அவரும் நடக்கிறார், ஆனா அவருக்கு இப்போ தெரியாது கன்ட்ரோல். எதுவும் தெரியாது. வெயில் இல்ல. ரெண்டு வருஷம் நாலு மாசமா உங்களுக்கு லைன் கிளியர் சொன்னது அவர் இல்ல. நான்."

எங்கோ ஒரு ஸ்டேஷனில் யாரோ இருமினார்கள்.

"மிஸஸ் ட்ரெம்பத்," என்றார் டூலன் கடைசியில், "இதை நான் எழுதினா எழுதினதுதான். அழிக்க முடியாது."

"எழுதுங்க. அவர் வெயில்ல நிக்கிறார்."

"பெயர்?"

"ஆல்மா ட்ரெம்பத்."

"பதவி?"

"ஸ்டேஷன் பொறுப்பாளி."

"ஸ்டேஷன் பொறுப்பாளி லைன் கிளியர் சொல்ல விதியில இடமில்ல." பேனா மேசையில் தட்டும் சத்தம். "தினமும் நடந்தீங்களா? ஒரு நாள்கூட விடாம?"

"ஒரு நாள்கூட விடல."

"அப்போ சொல்றேன், எழுதுங்க. யெல்பாராவிலிருந்து லோமனுக்கு. ஒன்று மூன்று ஒன்பது லைன் கிளியர். பாலம் கிளியர். கேங்கர் ஆல்மா ட்ரெம்பத்."

திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து.

"யெல்பாராவிலிருந்து லோமனுக்கு," என்றாள். "ஒன்று மூன்று ஒன்பது லைன் கிளியர். பாலம் கிளியர். கேங்கர்... கேங்கர் ஆல்மா ட்ரெம்பத்."

"இரண்டு நாற்பத்தேழு. முடிந்தது."

லோமனும் திருப்பிச் சொன்னார். பிறகு விதியில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "கன்ட்ரோல், என் ஃபயர்மேன் பாலத்தை நடந்து தாண்டட்டுமா? நான் பின்னாலயே மெதுவா வர்றேன்."

"தாராளமா," என்றார் டூலன்.

நானும் ஆல்மாவும் கைட்ராலியை எடுத்துக்கொண்டு போனோம். எதிர்க்காற்று, இருவரும் மாறி மாறி நெம்புகோலை அழுத்தினோம். லோமன் எங்களுக்காகக் காத்திருந்தார் போல. நாங்கள் வளைவில் திரும்பியபோது, அந்த ஃபயர்மேன், நாற்பது வயதுக்காரன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தின் மேல் நடந்து கொண்டிருந்தான். கிளாரி ஓரத்தில் நின்று ஒவ்வோர் அடியையும் பார்த்தார். அவன் மறுகரையில் கால் வைத்ததும் சிவப்புக் கொடியைச் சுருட்டினார். எஞ்சின் ஊர்ந்து தாண்டியது. லோமன் எட்டிப் பார்த்து, "சரியான நேரத்துக்கு வந்தீங்க கேங்கர்," என்றார். கேலி இல்லாமல் சொன்னார். நாற்பத்தோரு வேகன், ஒரு கார்டு வேன். அதன் பிறகு அந்தத் தண்டவாளத்தில் ரயில் சக்கரம் உருளவில்லை.

"ஹியூ இறங்கிட்டான்," என்றார் கிளாரி, ஆல்மாவிடம்.

"பார்த்தேன்."

"டீ இருக்கா?"

மாலை ஐந்து மணிக்கு வண்டி அடுத்த ஸ்டேஷனைத் தாண்டிவிட்டதாக டூலன் சொன்னார். நான் திருப்புளியோடு பக்கத்தில் நின்றேன். இனி விதிப்படிப் பேச ஒன்றும் இல்லை. இருவரும் ரிசீவரை வைக்கவும் இல்லை.

"துன்கரா பத்தி நான் எழுதியாகணும்," என்றார் டூலன்.

"தெரியும்."

"வேற ஏதாவது வழி இருக்கான்னு கேட்டுப் பார்க்கிறேன். இருக்கும்னு சொல்ல மாட்டேன்."

"சரிங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு மீசை உண்டா?"

"மீசையா? இல்லியே."

"அட. இருபத்திரண்டு வருஷமா மீசையோட பேசிக்கிட்டிருந்தேன்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் ரிசீவரை மாட்டிவிட்டு வெளியே போனாள். நான் நாலு திருகாணியையும் கழற்றினேன். பெட்டி இருந்த இடத்தில் மட்டும் சுவர் பழைய பச்சை நிறத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து சமையல்கட்டுக்கு வந்தபோது கிளாரி மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ. பாதி குடித்திருந்தார். பூட்ஸ் கதவோரம் அப்படியே கிடந்தது. பை ஆணியில் தொங்கியது.

"லைன் பார்க்கப் போகலியா?" என்றேன்.

"எதுக்கு?" என்றார் சாவகாசமாக. "எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு." கோப்பையை நகர்த்தினார். "இன்னொன்னு ஊத்துங்க. நீங்க யாரு, வயர்க்காரரா?"

கதவுக்குப் பின்னால் கோட்டைக் காணவில்லை.

அவள் எட்டே முக்காலுக்கு வந்தாள். இந்தத் தடவை புதர் வழியாக வரவில்லை. தண்டவாளத்தின் மேலேயே, நேராக, தோளில் சுத்தியலோடு வந்தாள். முன்னால் யாரும் இல்லை. நடைமேடையில் ஏறி, பழக்கத்தில் கொட்டகைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் கை சுவர் வரை போய்விட்டது. நாலு ஓட்டைக்கு முன்னால் நின்றது.

கையை இறக்கி, கோட்டின் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தாள். கழற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"யெல்பாரா. ஒன்று மூன்று ஒன்பது வரை லைன் கிளியர். கேங்கர் ட்ரெம்பத்."

எனக்கு விதி தெரியும்.

"யெல்பாரா," என்றேன். "ஒன்று மூன்று ஒன்பது வரை லைன் கிளியர். கேங்கர் ட்ரெம்பத்." கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "எட்டு ஐம்பத்தொன்று. முடிந்தது."

ரோட்டுப் பக்கம் லாரியின் தூசி தெரிந்தது.